உடம்பு முடியாவிட்டாலும் வேலைக்குப் போகிறவர்கள் ஏன் உடனே டாக்டரிடம் போவதில்லை?

"அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அப்புறமும் நோயை முற்ற விடுவது அலட்சியம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நான் பார்த்தவரை அலட்சியம் ரொம்பக் குறைவு. வைத்தியத்துக்குக் காசு வேண்டாம், சரி. அங்கே போய்க் காத்திருக்க ஒரு பகல் வேண்டுமே, அந்தப் பகலுக்கு யார் கூலி கொடுப்பது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்ப்பது காலையில். நடவுக்கும் அரிசி ஆலைக்கும் ஜவுளிக்கடைக்கும் அதே காலையில்தான் ஆள் வேண்டும். அதனால் எங்கள் கடையில் கூட்டம் சேர்வது, ஜவுளிக்கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்தது. ஆனால் கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருக்கிற இடத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால், "அக்கா, இதுக்கு ஒரு மாத்திரை குடுங்க, நாளைக்கு லீவு கேட்க முடியாது" என்பார்கள். பரிசோதனை இல்லாமல் ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டு நிறுத்தினால் தொற்று திரும்ப வரும், சிறுநீரகம் வரை ஏறவும் கூடும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று அனுப்பிவிடுவேன். பலர் நேராக அடுத்த மெடிக்கலுக்குத்தான் போகிறார்கள் என்பதும் தெரியும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. சம்பா அறுவடை முடிகிற வரைக்கும்தான் வரும்படி. 40 கிலோ மூட்டையைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு ஊசி, கொஞ்சம் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் என்கிற அந்த வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் தான் நின்றால் கூட்டாளிகள் மேல் பாரம் ஏறும் என்ற சங்கடம் அவர்களுக்கு.

நடவு ஆட்களுக்குச் சேற்றுப்புண். சர்க்கரை உள்ளவருக்கு அது வந்தால் காலுக்கே ஆபத்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருவதை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வருடத்துக்கு 12 நாள்வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. டாக்டர் சான்று இருந்தால் வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடைக்காது. தெரிந்தவர்களும் கேட்பதில்லை, தீபாவளி போனஸில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். நடவு ஆளுக்கு இந்த இரண்டும் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பாத்திரக்கடை முதலாளி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் காலையில் சம்பளம் பிடிக்காமல் அனுப்பிவிடுவார். அந்தக் கடை ஆட்களுக்கும் சம்பளம் மற்ற கடைகளில் உள்ள அளவுதான். ஆனால் அவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் டாக்டர் சீட்டோடு வருகிறார்கள்.