குளவியிடம் பாடம் கேட்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

செங்கோட்டையில் வீடு, புனலூரில் வேலை. வாரம் ஒருமுறை ரயிலில் மலை தாண்டிப் போய்வருகிறேன். சில மாதங்களாக மனம் எதிலும் ஒட்டவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இயற்கையோடு இருந்தாலே மனச்சோர்வு தீரும் என்று ஒரு காணொளியில் கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டுக் குற்றாலம், பாலருவி, தென்மலை என்று சுற்றினேன். அருவி முன் நின்று, இது எனக்கு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இயற்கை மனதை மாற்றும் என்பது உண்மைதானா? வேறு எந்த இடத்துக்குப் போகலாம்?

எம்.

அன்புள்ள தம்பி,

முதலில் மாத்திரை. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கக் கேடும் வரலாம். விட்ட நோயும் திரும்பி வரலாம். காணொளியில் பேசியவர் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் அல்லர். இந்த வாரமே அந்த மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். நடுராத்திரியில் மனம் தாங்காமல் போனால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 முதல் நடுவண் அரசு நடத்தும் டெலி மானஸ் உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனம் வாடியிருப்பதும் மனம் நோயுற்றிருப்பதும் வேறு வேறு. நான் இனி எழுதப்போவது வாட்டத்தைப் பற்றி மட்டுமே.

எந்த இடத்துக்குப் போகலாம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றையும் சாரலையும் வாசலிலேயே வாங்குகிற ஊர்க்காரருக்கு நான் என்ன இடம் சொல்ல?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: "இது எனக்கு என்ன சொல்கிறது." சில காலமாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எறும்பிடம் சுறுசுறுப்பையும் காகத்திடம் ஒற்றுமையையும் கற்றுக்கொள் என்று பள்ளிக்கூடக் கட்டுரைகளில் எழுதி எழுதி நமக்கு ஒரு கெட்ட பழக்கம் படிந்துவிட்டது. அருவி விழுந்தால் அது நமக்குச் செய்தி சொல்ல வேண்டும், இலை உதிர்ந்தால் நிலையாமையை உணர்த்த வேண்டும். வாடிய மனம் ஏற்கெனவே இருபத்து நான்கு மணி நேரமும் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. அருவியையும் இழுத்து வந்து தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் அதற்கு எங்கே ஓய்வு?

அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஆண்டில் அவர் கட்டிலருகே பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். செலவு, அடுத்த மாதம், என் கூடப்பிறந்த தம்பி பேசாமல் போன பேச்சு என்று ஒரே நினைப்பு செக்குமாடாகச் சுற்றிவரும். அப்படியொரு முற்பகலில் ஜன்னல் சட்டத்தின் மேல்மூலையில் ஒரு குளவி மண் வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒடுங்கிய இடுப்பு, கறுப்பில் மஞ்சள் பட்டை. ஈர மண்ணுருண்டை ஒன்றை வாயில் கவ்வி வரும், சுவரின் விளிம்பில் வைத்து முன்கால்களாலும் தாடையாலும் மெல்லிய பட்டையாக இழுத்துவிடும், அடுத்த உருண்டைக்குப் பறந்துவிடும். புதிதாக வைத்த பட்டை கறுத்திருக்கும். அது திரும்பி வருவதற்குள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருக்கும். உச்சிப் பொழுதுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு குடம், வாய் விளிம்பு வெளிப்புறம் மடித்துவிடப்பட்ட முழுக்குடம், அங்கே நின்றது. பிறகு அது பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து உள்ளே திணித்தது. அவை சாகவில்லை, கொட்டி மரத்துப்போகச் செய்திருக்கும். உள்ளே முட்டையை ஒரு நூலில் தொங்கவிட்டிருக்கும், பொரிந்து வரும் குஞ்சுக்கு அவைதான் தீனி. கடைசியில் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

விடாமுயற்சியைக் கற்றுக்கொண்டீர்களா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். உயிரோடு மரத்துக் கிடந்த அந்தப் புழுக்களை வைத்து என்ன நீதி சொல்வது? நான் எதையும் கற்கவில்லை. அந்த முற்பகல் முழுவதும் என்னை நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க எழுந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. கவலைகளில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்கவில்லை.

உண்மைதானா என்று கேட்டீர்கள். ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனால் அவர்களை யாரும் மரத்திடம் பாடம் கேட்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மருந்து குறைந்ததே தவிர, மருந்தே வேண்டாம் என்று ஆகிவிடவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிலரை 90 நிமிடம் புல்லும் மரமும் உள்ள இடத்திலும், வேறு சிலரை வாகனம் இரையும் சாலையிலும் நடக்கவிட்டார்கள். மரத்தடியில் நடந்தவர்களுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பையே மென்றுகொண்டிருப்பது குறைந்திருந்தது.

நீங்களோ வாராவாரம் மலை தாண்டுகிறீர்கள். 1904இல் போட்ட பாதை அது. அகலப்பாதையாக்க மூடப்பட்டு, எத்தனையோ பேர் ஏங்கிக் காத்திருந்து, 2018இல் முழுவதுமாகத் திரும்பக் கிடைத்தது. செங்கோட்டைப் பக்கத்துக் காய்ந்த வெயிலில் குகைக்குள் நுழைந்த பெட்டி, மறுபக்கம் ஈரப் பச்சைக்குள் வெளியே வருகிறது. பாறை வெட்டில் நீர் கசிந்து பாசியும் பெரணியும் கையெட்டும் தூரத்தில் போகின்றன. அத்தனை நேரமும் நீங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று நான் சொன்னால் மறுப்பீர்களா, தம்பி? பதிமூன்று கண் பாலத்தைப் படம் பிடிக்க மட்டும் எழுந்திருப்பீர்கள்.

தென்மலையில் அறை எடுக்கும் பணத்தை மருத்துவருக்குக் கொடுங்கள். அடுத்த பயணத்தில் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, குகை முடிந்த இடத்திலிருந்து அந்தப் பாறை வெட்டை மட்டும் பாருங்கள். அது என்ன சொன்னது என்று எனக்கு எழுத வேண்டாம். மருத்துவரைப் பார்த்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
அக்கா