வாசகர் கேள்வி பதில்: அப்பாவிடம் தோற்றவர்களைக் கேளுங்கள்

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். ரப்பர் பால் வெட்டியே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தவர். ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றில் முன்னோர்களுக்குப் பலிதர்ப்பணம் செய்ய சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அப்போது கொடுக்க அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட நினைக்கிறோம். எதிலும் தோற்கச் சம்மதிக்காத மனுஷன் அவர். வெள்ளம் ஏறின ஆற்றை நீந்திக் கடந்து காட்டுகிறேன் என்று குதித்து அம்மாவை அழவைத்திருக்கிறார். சீட்டில் இருபத்தெட்டு விளையாடினால் பேரப்பிள்ளைகளுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடிப்போகிற சிவாலய ஓட்டத்தில் ஒரு வருஷம் கடைசிக் கோயிலான நட்டாலத்துக்கு முதலில் வந்தது அவரா மாமாவா என்ற சண்டை கடைசி வரை தீரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் குலசேகரம் வந்ததும் வீட்டுக்குள் ஏறி, அம்மா கையால் சுக்கு வெள்ளம் (சுக்குத் தண்ணீர்) குடித்துவிட்டுத்தான் போவார். அண்ணன், இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம், நல்லதை மட்டும் எழுது என்கிறார். எப்படி எழுதட்டும்?
(வாசகி, குலசேகரம்)

பதில்: அண்ணன் சொல்கிறபடி எழுதினால் என்ன வரும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் ஜங்ஷனில் நிற்கிற கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பாருங்கள். பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம், எளிமையின் இலக்கணம். போட்டோவை மாற்றிவிட்டால் அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதே வாசகம் ஆகும். உங்கள் அப்பாவுக்கு அது ஆகாது.

முதலில் மாமாவைப் போய்ப் பாருங்கள். போட்டி போட்டே வாழ்ந்த ஒருவரைப் பற்றி வீட்டில் இருப்பவர்களைவிட, அவரிடம் தோற்றவர்களுக்கும் அவரைத் தோற்கடித்தவர்களுக்கும்தான் அதிகம் தெரியும். மாமா சொல்கிறதை ஒரு பக்கத்திலும், அப்பா வழக்கமாகச் சொன்னதை எதிர்ப் பக்கத்திலும் போடுங்கள். தீர்ப்பு மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஓட்டத்தின் கதையே எல்லைத் தகராறுதானே! பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் துரத்த, பீமன் "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி, நெருங்கும்போதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான், அது லிங்கமாக மாற, மிருகம் பூஜை செய்ய நின்றுவிட்டது, அப்படி உண்டானவைதான் திருமலை தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள் என்பார்கள். கடைசியில் பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள்ளும் ஒரு கால் வெளியிலும் இருக்க, வழக்கு தருமரிடம் போய், பாதி உடம்பு மிருகத்துக்கே சொந்தம் என்று சொந்தத் தம்பிக்கு எதிராகவே தீர்ப்பானது. தருமர் தலையிட வேண்டிய ஓட்டத்தில் மச்சினனும் மச்சினனும் சண்டை போட்டதை மறைக்க என்ன இருக்கிறது?

இன்றைக்கு பைக்கிலும் வேனிலும் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டரை, கையில் ஓலை விசிறியோடு, ஒவ்வொரு கோயில் குளத்திலும் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு ஓடி முடிக்கிற உடம்பு எப்படி இருந்தது, முடிந்த மறுநாள் அவர் எப்படி நடந்தார், யார் காலுக்கு எண்ணெய் தேய்த்தார்கள் என்று எழுதுங்கள். வெளியூரிலிருந்து வரும் மருமக்களுக்கும் புரியும்.

வேலையை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும் என்பதால் இருட்டோடு தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், முந்தின வெட்டில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரித்து, பட்டையில் மெல்லிசாகக் கத்தியை இழுத்து, சிரட்டையை நேராக வைத்துவிட்டு அடுத்த மரம் என்று முன்னூறு மரத்துக்கு மேல் போகிற வேலை அது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முடிக்கும் முன்னே முடிக்க வேண்டும் என்ற வெறி அங்கேயும் இருந்திருக்கும். கூட வெட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆற்றில் குதித்த கதைக்கு மட்டும் ஒரு நிபந்தனை. அதை வீரம் என்று எழுதக்கூடாது. மூன்று பிள்ளைகள் உள்ளவர் செய்யக்கூடாத காரியம் அது, செய்தார், தப்பித்தார். அந்தப் பகுதியை அம்மா வாயால், அவர் அன்றைக்குத் திட்டின திட்டோடு எழுதுங்கள். அண்ணன் முகம் சுளித்தால், அம்மாவிடமே அனுமதி வாங்கியாச்சு என்று சொல்லிவிடுங்கள்.

சீட்டாட்டத்தைப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். தோற்று யார் காதில் குணுக்கு மாட்டினது, துருப்பை மறைத்து வைத்துக்கொண்டு பாட்டா எப்படி முகத்தை வைத்திருப்பார், சின்னது தோற்று அழுதபோது என்ன சொன்னார், எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம்.

"குடும்பப் பாசம்" என்று தனியாகத் தலைப்புப் போட்டு ஒரு அத்தியாயமும் வேண்டாம். அந்தச் சுக்கு வெள்ளம் போதும். ஜெயிக்கிறதற்காக ஓடுகிறவர் பாதி வழியில் வீட்டுக்குள் ஏறி ஏன் நின்றார் என்று வாசிக்கிறவர்களே யோசிப்பார்கள். மாமா முந்தினதாகச் சொல்கிற இடமும் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம், எதற்கும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேலே உள்ளது மாதிரி எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. எங்க பாட்டா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. நல்ல தைரியசாலி, போட்டிக்காரர் என்று மட்டும் சொல்கிறார்கள்.
(வாசகர், குளச்சல்)

பதில்: தைரியசாலி என்று சொன்னவர்களிடம் "எதில்?" என்று கேட்டீர்களா? ஜிபிஎஸ் வராத காலத்தில், கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்து, கடலுக்கடியில் மீன் அடைகிற பார் (பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். கணியம் பார்ப்பது என்பார்கள். நல்ல கணியம் தெரிந்தவர் அதை லேசில் வெளியே சொல்ல மாட்டார், மற்ற கட்டுமரக்காரர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் இல்லையா? உங்கள் பாட்டாவின் போட்டி அங்கேதான் நடந்திருக்கும். அவர் எந்த மலையை எதோடு சேர்த்துப் பார்த்தார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், யார் திருட்டுத்தனமாகப் பின்னால் வந்தார், மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்த நாளில் கரை சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள். அவரோடு கடலுக்குப் போனவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் "நல்ல மனுஷன்" என்பதோடு எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் சாயங்காலமாகப் போங்கள், நீங்களும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போனில் ரெக்கார்டை ஆன் செய்வதற்கு முன்னால் கேட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்.