மக்தபில் (மாலை மதரஸாவில்) ஓதும் பிள்ளைக்கு அக்லாக் (நல்லொழுக்கம்) எங்கிருந்து வரும்?

கேள்வி: மகன் மாலை மதரஸாவுக்குப் போகிறான், ஜுஸ்உ அம்ம (குர்ஆனின் கடைசிப் பாகம்) மனப்பாடம். ஆனாலும் பொய் சொல்கிறான், தங்கையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். இஸ்லாமியக் கல்வியில் ஒழுக்கமும் ஆன்மிகமும் எப்படிக் கற்றுத் தரப்படுகின்றன?

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். பல ஊர்களில் மக்தப் என்பது மஃரிப், இஷா தொழுகைகளுக்கு இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரம். 30 பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பாடம் கேட்டால் ஆளுக்கு 2 நிமிடம். அதற்குள் உஸ்தாத் (ஆசிரியர்) மக்ரஜை (எழுத்தின் உச்சரிப்பை) திருத்துவாரா, பொய்யைத் திருத்துவாரா? அதனால் அக்லாக் ஒரு தனிப் புத்தகமாகி விடுகிறது. "பொய் சொல்லலாமா?" "கூடாது." பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து பொய் சொல்கிறது.

இன்னொரு பாடத்தைச் சேர்த்தால் இது தீராது. பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் அமல்களுக்குள்தான் (வணக்கங்களுக்குள்) ஒழுக்கத்தை வைக்க வேண்டும். குர்ஆனில் லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தின் வரிசையைக் கவனியுங்கள் (31:13-19). முதலில் இணை வைக்காதே. இடையில் பெற்றோரைப் பற்றிய இறைக் கட்டளை. பிறகு, கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டு வருவான் என்ற எச்சரிக்கை. அதற்குப் பிறகுதான் "தொழுகையை நிலைநாட்டு". கடைசியில் முகம் திருப்பாதே, செருக்கோடு நடக்காதே, குரலைத் தாழ்த்து. அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு 16ஆம் வசனத்தில், தொழுகை 17இல். நாம் 17இல் தொடங்கி, 16ஐப் பயமுறுத்த மட்டும் பயன்படுத்துகிறோம்.

ஒளுவை (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதை) எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) ஒரு 'முத்' (பழைய அரபு அளவை) நீரில் ஒளு செய்தார்கள் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் வருகிறது; ஏறக்குறைய முக்கால் லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்யும் பிள்ளை அதைவிடப் பல மடங்கு செலவழிக்கும். ஒரு லிட்டர் குவளையைக் கையில் கொடுத்து அதற்குள் முடிக்கச் சொல்லுங்கள். முதலில் கால் கழுவத் தண்ணீர் மிஞ்சாது. பழகப் பழக மிஞ்சும். வீண்விரயம் பற்றிய பயானைவிட (சொற்பொழிவைவிட) இது நன்றாகப் பதியும்.

பட்டப்பெயருக்கு குர்ஆனின் சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனமே போதும். கேலி செய்யாதீர்கள், குத்திப் பேசாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று மூன்றும் அதிலேயே இருக்கின்றன. அதை ஓதிக் கொடுத்த வாரமே வகுப்பில் புழங்கும் பட்டப்பெயர்களை நிறுத்த வேண்டும். உஸ்தாதே "ஏய் குண்டா" என்று கூப்பிட்டால் அந்த வசனம் வெறும் ஓதலாகவே நின்றுவிடும்.

பொய்யின் விதை பெரும்பாலும் வீட்டில்தான். "அத்தா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று போனைப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். ஒரு தாய் தன் மகனை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, "என்ன கொடுக்க நினைத்தாய்?" என்று நபி (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு). இது பிள்ளைக்கான பாடம் இல்லை, நமக்கானது.

பென்சிலைத் திருடிவிட்டானா? தவ்பாவின் (பாவமன்னிப்புக் கோருவதன்) நிபந்தனைகளை அப்படியே நடைமுறையாக்குங்கள்: விட்டுவிடுவது, வருந்துவது, இனிச் செய்யமாட்டேன் என உறுதி கொள்வது, மனிதர் உரிமை சம்பந்தப்பட்டதால் பொருளைத் திருப்பிக் கொடுப்பது. நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "சாரி சொல்லு" என்று முடித்தால் பென்சில் அவன் பையிலேயே இருக்கும்.

கண்டிப்பதில் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் இஹ்யா நூலில் சொன்ன முறை இன்றும் பொருந்துகிறது. நல்லது செய்தால் எல்லோர் முன்னும் பாராட்ட வேண்டும். தவறு ஒருமுறை நடந்து, பிள்ளையே அதை மறைக்க முயன்றால், கண்டும் காணாமல் விட வேண்டும். வெட்கம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அம்பலப்படுத்தினால் அந்த வெட்கமும் போய்விடும். மறுபடி செய்தால் தனியாகக் கண்டிக்க வேண்டும். எந்நேரமும் திட்டினால் திட்டு கேட்பது பழகிவிடும். கடுமையாக வளர்க்கப்படும் மாணவன் அடிக்குப் பயந்து பொய்யையும் நடிப்பையும் கற்றுக்கொள்கிறான் என்று வரலாற்று அறிஞர் இப்னு கல்தூனும் (1332-1406) எழுதியிருக்கிறார். 7 வயதில் தொழச் சொல்லுங்கள், 10 வயதில் அடியுங்கள் என்ற ஹதீஸின் (நபிமொழியின்) பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் இடைப்பட்ட 3 வருடங்களை எண்ணிப் பார்க்கட்டும். நாளுக்கு 5 வேளை என்றால் 5,000 தடவைக்கு மேல் அன்பாக நினைவூட்டியிருக்க வேண்டும். அதைச் செய்தவர் கையை ஓங்கும் நிலை அநேகமாக வராது.

ஆன்மிகம் என்று வரும்போது குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவிலிருந்து தொடங்குங்கள். 5 வேளை ஃபர்ளில் (கட்டாயத் தொழுகையில்) மட்டும் 17 ரக்அத் (தொழுகைச் சுற்று); ஒவ்வொன்றிலும் அது உண்டு. வாரத்துக்கு ஒரு வசனத்தின் பொருள் என்றால் 7 வாரம். கூடவே முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ் குத்ஸியை (அல்லாஹ்வின் கூற்றாக நபி (ஸல்) சொன்னதை) சொல்லுங்கள்: அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" (அகிலங்களின் இறைவனுக்கே எல்லாப் புகழும்) என்றதும் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான் அல்லாஹ். தொடர்ந்து வரும் வசனங்களுக்கும் இப்படிப் பதில் இருப்பது தெரிந்த பிள்ளை, வசன முடிவில் நிறுத்தி ஓதும். ஒரே மூச்சில் ஓதித் தள்ளுகிற அவசரம் குறையும்.

தொழுகை அட்டையில் டிக் போட்டுப் பரிசு தருவது எனக்கு உடன்பாடில்லை. தொழாத ஃபஜ்ருக்கும் (அதிகாலைத் தொழுகைக்கும்) டிக் விழும். முகஸ்துதியும் (பிறர் மெச்சச் செய்வதும்) பொய்யும் ஒரே அட்டையில் வந்து சேரும். அட்டை வேண்டுமானால் 40 நாள் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், பரிசு வேண்டாம். சதக்காவும் (தர்மமும்) அப்படித்தான். உண்டியலில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று வகுப்பில் அறிவிக்கக் கூடாது.

ஒன்று விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடம், டியூஷன், அதன்பின் மதரஸா என்று ஓடும் பிள்ளையின் முரட்டுத்தனம் பல நேரம் வெறும் களைப்புதான். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், எந்நேரமும் படிப்பில் தள்ளினால் அதன் இதயம் செத்து அறிவு மழுங்கும் என்பதும் கஸ்ஸாலி சொன்னதே. டியூஷனைக் குறைத்தாவது அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம் தெருவில் விளையாட விடுங்கள்.