பதினாறு ஸ்டெப், ஐந்து ஆக்ஸென்ட் – கடிதம்

ஐயா, வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ரோலண்ட் டிபி-303 மாதிரியே செய்த சின்ன பேஸ் மெஷின் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. பதினாறு ஸ்டெப்பில், அதாவது கட்டத்தில், நோட்டைப் போட்டுவிட்டால் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். நோட்டெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன், ஆனால் லூப் உயிரில்லாமல் ஓடுகிறது. எல்லா ஸ்டெப்புக்கும் ஆக்ஸென்ட் (அழுத்தம்) கொடுத்துப் பார்த்தேன், சத்தம்தான் கூடியது. வால்யூமை ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

– ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

ராஜகோபால சுவாமி புறப்பாட்டில் தவில் வாசிப்பவரைக் கவனியுங்கள். அவர் ஒரு சொல்லை அழுத்தும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை. கூடு மாட்டிய விரல் வலந்தலையில் வேகமாக விழும்போது கூர்மையான மேல் ஒலிகள் நிறையக் கிளம்புகின்றன, நாதமே மாறிவிடுகிறது. நாலு தெரு தள்ளி நின்று கேட்டாலும் எது அழுத்தின அடி என்று தெரிவது அதனால்தான்.

303 இதையே மின்சுற்றால் செய்கிறது. தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981-ல் வந்த பெட்டி அது. ஆக்ஸென்ட் உள்ள நோட்டில் சத்தம் ஏறும், கூடவே மேல் ஒலிகளை வடிகட்டும் ஃபில்டர் வழக்கத்தைவிட மேலே திறக்கும். அப்புறம், டிகே நாபை (திறந்த ஃபில்டர் மூட எடுக்கும் நேரத்தை வைப்பது) நீங்கள் எங்கே வைத்திருந்தாலும் அந்த நோட்டுக்கு மட்டும் அது குறைந்தபட்ச அளவுக்கு, சுமார் 200 மில்லி செகண்டுக்கு, இறங்கிவிடும். மற்ற நோட்டுகளுக்கு 2 செகண்ட் வரை போகலாம். எல்லா ஸ்டெப்பிலும் ஆக்ஸென்ட் போட்டபோது உங்கள் டிகே நாப் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கும். டிகேயை நீளமாக வைத்து, சில இடங்களில் மட்டும் ஆக்ஸென்ட் கொடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. அந்தச் சுற்றில் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. ஆக்ஸென்ட் வந்தால் சார்ஜ் ஏறும், பிறகு மெல்ல வடியும். 120 டெம்போவில் ஒரு ஸ்டெப் 125 மில்லி செகண்ட்தான். அடுத்தடுத்து ஆக்ஸென்ட் வந்தால் முதலாவது வடிந்து முடியுமுன் இரண்டாவது ஏறிவிடும். ஸ்வரமும் அதே, நாப்களும் அதே இடத்தில். ஆனாலும் இரண்டாவது இன்னும் மேலே கூவும். ஃபில்டரின் கூவலைக் கூட்டும் ரெசொனன்ஸ் நாபைத் திருப்பினால் இந்த வீச்சும் சேர்ந்து மாறும். வால்யூம் நாபில் இது வரவே வராது. உங்கள் மெஷினில் இது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஸ்வரத்தில் மூன்று ஆக்ஸென்ட்டை வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். மூன்றும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால், நகல் எடுத்தவர்கள் இந்த இடத்தைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

சரி, எங்கே போடுவது? யூடியூப் பாடங்களில் 1, 5, 9, 13 என்பார்கள். அது தரையைத் தட்டுகிற கணக்கு, எனக்கு அலுப்பு. டெல்டாக்காரருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டுமா? தகிட தகிட தகிட தகிட தகதிமி, மொத்தம் பதினாறு. 1, 4, 7, 10, 13-ல் ஆக்ஸென்ட். பேஸ் ஸ்வரத்தை மாற்றவே வேண்டாம், நடை தானாக வந்துவிடும். பேட்டர்ன் நீளத்தை 7 ஆகக் குறைத்து 1, 4-ல் மட்டும் போட்டால் தகிட தகதிமி. டிரம்ஸ் 16-லேயே ஓட இது 7-ல் சுற்றும். ஏழு சுற்று டிரம்ஸ் முடிந்துதான் இரண்டும் சேர்ந்து சமத்துக்கு, அதாவது முதல் அடிக்கு, வரும். மேடையில் டிரம்மர் முறைப்பார், பரவாயில்லை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 303-ஐ வைத்து ராகங்களைப் பதிவு செய்தது 1982-ல். சிகாகோக்காரர்கள் அதே பெட்டியில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையோடு கிளம்பியது பிறகுதான். தேடிக் கேளுங்கள்.

குழுவின் கீபோர்டிலும் இந்த வேலையைக் கொஞ்சம் செய்யலாம். பல டோன்களில் வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) வால்யூமுக்கு மட்டும் போகும்படி வைத்திருப்பார்கள். டோன் எடிட்டில் ஃபில்டர் கட்-ஆஃபுக்கும் (ஃபில்டர் எவ்வளவு திறக்கிறது என்பது) அதைக் கொடுத்துவிடுங்கள். மெஷினை மண்டபத்துக்கு எடுத்துப் போனால் மிக்ஸரில் கெயினைக் குறைத்தே வையுங்கள். வரிசையாக ஆக்ஸென்ட் வரும் இடத்தில் பீக் எகிறும், சவுண்ட் சர்வீஸ்காரர் உங்கள் சேனலையே மூடிவிடுவார்.