ரோண்டா பாலம்: மூன்று ஆண்டுகளில் எது சரி?

ஸ்பெயினில் உள்ள ரோண்டா ஊரின் பாலத்தைப் படம் வைத்திருக்கிறீர்கள்; அது கட்டப்பட்ட ஆண்டு நூல்களில் 1616, 1735, 1793 என்று மூன்று விதமாக இருக்கிறதே, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தில் இருக்கும் உயரமான பாலத்துக்கு 1793 என்றே எழுதுங்கள். 1616, 1735 இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவை வேறு பாலங்களின் ஆண்டுகள்.

ரோண்டா ஊரை குவாதலெவின் ஆறு ஆழமான பள்ளமாக இரண்டாகப் பிளக்கிறது. 1616 ஆற்றில் கீழே தாழ்வாக நிற்கும் ‘பழைய பாலத்தின்’ ஆண்டு. 1735-இல் மேலே ஒற்றை வளைவில் ஒரு பாலம் எழுப்பினார்கள். அது ஆறே ஆண்டுகளில், 1741-இல், இடிந்து சுமார் 50 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளை விட்டுவிட்டு இந்த ஊரின் கதையை எழுதவே கூடாது என்பேன். இன்றைய ‘புதிய பாலத்தை’ 1751-இல் தொடங்கினார்கள். 1793-இல்தான் முடிந்தது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நீங்கள் பார்த்த நூல்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

படத்தையே வைத்துச் சரிபார்க்கலாம்:

1. நடு வளைவுக்கு மேலே, சுவரில் சன்னல் தெரிகிறதா? அது உள்ளறையின் சன்னல், ஒரு காலத்தில் சிறையாக இருந்த இடம். தெரிந்தால் 1793.
2. சன்னல் இல்லாமல் ஒரே வளைவு, உயரமும் குறைவு என்றால் 1616. புதிய பாலம் 98 மீட்டர். பழையது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

அப்புறம், புதிய பாலத்தின் கட்டடக் கலைஞர் மார்த்தின் தெ அல்தெஉவெலா அந்தப் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார் என்ற கதையைச் சேர்க்காதீர்கள். அவர் இறந்தது 1802-இல், மாலகா நகரில்.