ஹார்னஸ் அளவை முதலிலேயே எழுதிக் கொடு

தக்கலையிலிருந்து கேட்டிருந்தாய்: ஹாம்பர்க் பக்கம் கடல் காற்றாலை வேலை, எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர், கோபுரம் ஏற ஒத்துக்கொள்ளலாமா, குளிர் தாங்குமா, சாளை கிடைக்குமா என்று.

குளிருக்கு உடுப்பு இருக்கு. சாளை ஐஸில் வைத்தது கிடைக்கும், மரச்சீனிக்கு ஆப்பிரிக்கக் கடை. அதை விடு.

ஏறு மக்களே. "பொம்பளப் பிள்ளைக்கு டெஸ்க் வேலை போதும்" என்று இங்கிருக்கும் நம்ம அண்ணன்மார் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் நாசெல்லுக்குள், அதான் கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டிக்குள், தலையை விட்டதே கிடையாது. மேலே கேபிள் எப்படிப் போகிறது என்று பார்க்காதவள் பத்து வருஷம் கழித்தும் எக்செல்தான் நிரப்பிக்கொண்டிருப்பாள்.

ஆனால் சேருமுன் ஹார்னஸுக்கு, அதாவது விழுந்தால் உடம்பைத் தாங்கும் பட்டைக்கு, உன் அளவுகளை மெயிலில் அனுப்பு: உயரம், எடை, மார்பு, இடுப்பு, தொடை, மணிக்கட்டு, ஷூ. அனுப்பாவிட்டால் ஸ்டோரில் கிடக்கும் ஆண்கள் சைஸை நீட்டுவார்கள். தொடைப்பட்டைக்குள் விரித்த கை நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது. முன் வளையம் நெஞ்செலும்பில் நிற்கணும்; பட்டை தளர்ந்திருந்தால் விழும்போது கழுத்துக்கு ஏறிவிடும். படகில் போக சர்வைவல் சூட் தருவார்கள், கடலில் விழுந்தால் குளிர் தாக்காமல் காக்கும் உடுப்பு. அதில் மணிக்கட்டு சீலைப் பார். மெலிந்த கையில் அது பிடிக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும், வட கடல் ஒன்றும் நம்ம கன்னியாகுமரி சின்னமுட்டம் இல்லை.

மேலே கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் பெண்கள் செய்யும் முதல் தப்பு. தசைப்பிடிப்பு பாதி ஏணியில் வரும். ஒரே துண்டு ஓவரால் வேண்டாம், மேலும் கீழும் தனித்தனியாகக் கேள். தாலி, மிஞ்சி, வளையல் எல்லாம் கரையிலேயே கழற்றி வை. பஸ்பார் என்ற மின்சாரம் பாயும் உலோகப் பட்டையின் பக்கத்தில் அது வெறும் கம்பி.

காற்றாலைக் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஜி.டபிள்யூ.ஓ.வின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று 2 வருஷம் செல்லும்: முதலுதவி, தீ, பளு தூக்குதல், உயரம், கடலுக்கென்றால் கூடவே கடலில் உயிர்தப்புதல். சேர்ந்தபின் அந்தச் செலவு கம்பெனியுடையது. உன் பையில் கைவைக்கும் ஏஜெண்டை அண்ட விடாதே. பி.இ. இருக்கிறது என்று முதல் நாளே பேனலைத் திறக்க முடியாது. எலெக்ட்ரோஃபாக்கிராஃப்ட், அதாவது தகுதி பெற்ற மின்பணியாளர், என்று எழுத்தில் நியமிக்கும்வரை மேற்பார்வையில்தான். ஐந்து விதியை வரிசையோடு மனப்பாடம் செய்: துண்டி, மறுபடி போடாதபடி பூட்டு, மின்சாரம் இல்லையென்று அளந்து பார், எர்த் செய்து ஷார்ட் செய், பக்கத்தில் மின்சாரம் உள்ளதை மூடு. அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் மூன்றாவதுதான். பூட்டியாச்சே என்ற தைரியம்.

சோதனைக் காலம் 6 மாதம் வரை இருக்கும், அதில் இரண்டு வார நோட்டீஸ் போதும், இரு தரப்புக்கும். நேர்காணலில் பிள்ளை பெறும் திட்டம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பமென்றால் உடனே சொல்லிவிடு. சோதனைக் காலத்திலும் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஏறும் வேலையிலிருந்தும் இறக்கிவிடுவார்கள்.

கிளம்புமுன் ஆடிக் காற்றில் ஒரு தடவை முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் பக்கம் இறங்கிப் பார். அங்கே பழைய 250 கிலோவாட் காற்றாலைகள் பலவற்றில் இறக்கையின் கோணம் மாறாது. காற்று மிஞ்சினால் ஸ்டாலாகி, அதாவது காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துதான், சக்தி அடங்கும். இங்கே ஒவ்வொரு இறக்கையும் தானே கோணம் மாற்றிக்கொள்ளும். திருநெல்வேலி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆரல்வாய்மொழியில் தலைமுடி கலைந்துபோகும், அந்தக் காற்றுக்கு இங்கத்திக் காற்று ஈடில்லை என்று இன்னமும் சண்டை போடுவேன்.