கேள்வி-பதில்: வெற்று மாத்திரையிடம் தோற்கும் முதுகுவலி மருந்துகள்

கே: முதுகுவலி சிகிச்சைச் சந்தையின் மதிப்பு இவ்வளவு என்று ஒரு அறிக்கை சொல்கிறது. இன்னொன்று அதில் பாதிதான் என்கிறது. எதை நம்புவது?

ப: தொகையை விடுங்கள். 'சந்தை' என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒன்றில் மாத்திரையும் களிம்பும் மட்டும் இருக்கும். இன்னொன்றில் இடுப்பு பெல்ட், ஸ்டீராய்டு ஊசி, முதுகெலும்பில் பொருத்தும் திருகு வரை சேர்ந்திருக்கும். மாத்திரைக் கணக்கிலேயே ஒரு ஓட்டை உண்டு. ஓர் அட்டை டைக்ளோஃபினாக் வலி மாத்திரை முதுகுக்கு வாங்கியதா, பல்வலிக்கு வாங்கியதா என்பது பில்லில் இருக்காது, ஊகித்துத்தான் பிரிக்கிறார்கள். இன்னும் ஒப்புதலே பெறாத மருந்துகள் ஜெயித்துவிடும் என்று வைத்துப் போட்ட வளர்ச்சிக் கணிப்பு என்றால், அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு மீதியைப் படிப்பது நல்லது.

கே: இத்தனை கோடிப் பேருக்கு வலி இருந்தும் புது மருந்து ஏன் வருவதில்லை?

ப: ஆள் பஞ்சம் இல்லை. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்தது; 2050-இல் அது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதுகுவலி என்பது ஒரே நோய் அல்ல. டிஸ்க், மூட்டு, தசை, நரம்பு, தூக்கமின்மை, பயம் என்று பல காரணங்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. பெரும்பாலானவர்களிடம் 'இதுதான் காரணம்' என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது. நரம்பில் வலிச் செய்தி கடந்து போகும் ஒரே ஒரு வாயிலை அடைக்கும் மருந்தை இந்தக் கலவைக் கூட்டத்துக்குக் கொடுத்தால், அந்த வாயில் காரணமாக இருந்த சிலருக்குக் கேட்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. சராசரி எடுக்கும்போது அந்தச் சிலர் காணாமல் போய்விடுவார்கள்.

சுசெட்ரிஜின் நல்ல உதாரணம். வெர்டெக்ஸ் நிறுவனத்தின் மருந்து. வலியைக் கடத்தும் புற நரம்புகளில் உள்ள நேவ்1.8 என்ற சோடியம் வாயிலை மட்டும் அடைக்கிறது. மூளையில் வேலை செய்யாததால், மார்ஃபின் வகையான ஓபியாய்டு மருந்துகள் போல அடிமையாக்கும் என்ற அச்சம் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் திடீர் வலிக்கு மட்டும். முதல் வேளை 100 மி.கி., பிறகு 12 மணிக்கு ஒருமுறை 50 மி.கி. அங்கே 50 மி.கி. மாத்திரையின் அறிமுக விலை 15.50 டாலர். ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனைகள் கால் பெருவிரல் எலும்பு அறுவையிலும் வயிற்றுச் சதைக் குறைப்பு அறுவையிலும் நடந்தவை. அங்கே எல்லோருக்கும் ஒரே வெட்டு, ஒரே நாளில் தொடங்கும் வலி, 48 மணி நேர அளவீடு. மருந்தின் வேலை தெளிவாகத் தெரிந்தது.

அதே மருந்தை முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு 12 வாரம் கொடுத்தார்கள். 0 முதல் 10 வரையான வலி அளவில் 2.02 புள்ளி குறைந்தது. நன்றாகத்தான் தெரிகிறது, இல்லையா? பிளாசிபோ எனப்படும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 1.98 குறைந்திருந்தது. 2024 டிசம்பரில் இது வெளியானதும் நிறுவனத்தின் பங்கு சரிந்தது.

வெற்று மாத்திரை இவ்வளவு வேலை செய்வதில் மர்மம் எதுவும் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சோதனையில் சேர்கிறார்கள். உச்சத்திலிருந்து அது தானாகவே இறங்கும். சேர்வதற்குக் குறைந்தபட்ச வலி மதிப்பெண் வேண்டும் என்று விதி வைத்தால், தொடக்க மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் தூண்டுதலும் வந்துவிடுகிறது. அதன் மேல் வாராவாரம் அக்கறையாக விசாரிக்கும் மருத்துவக் குழு வேறு.

பிளாசிபோவை வென்ற மருந்தும் கரை சேராமல் போனதுண்டு. டனெசுமாப் ஊசி, வலி உணர்வைக் கூட்டும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுப்பது. முதுகுவலிச் சோதனையில் அதிக அளவு மருந்து வெற்று ஊசியை வென்றது. ஆனால் சிலருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுகள் வேகமாகத் தேய்ந்தன. மூட்டுத் தேய்மான வலிக்கு இந்த ஊசிக்கு ஒப்புதல் கேட்டபோது, 2021 மார்ச்சில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 19-1 என்ற வாக்கில் எதிராக நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபைசரும் எலி லில்லியும் திட்டத்தையே மூடிவிட்டன.

கே: திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டால் பாராசிட்டமால் போதாதா?

ப: போதாது என்று 2014-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 1,600-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக நடுமதிப்பில் (அதாவது பாதிப் பேர் குணமாக) 17 நாட்கள் ஆனது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 16. ஐபுபுரோஃபென், நாப்ராக்ஸன் வகை மாத்திரைகள் கொஞ்சம் தேவலாம்: 100 புள்ளி அளவில் வெற்று மாத்திரையைவிட ஏறக்குறைய 7 புள்ளி கூடுதல். அவ்வளவுதான். எடுப்பதானால் ஐபுபுரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 1,200 மி.கி.க்கு மேல் வேண்டாம். சில நாட்களில் நிறுத்திவிடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே வகை மருந்தை இரண்டு பெயர்களில் விழுங்குவது. டைக்ளோஃபினாக் கலந்த கூட்டு மாத்திரை ஒன்று, தனியாக ஐபுபுரோஃபென் ஒன்று. வலி கூடுதலாகக் குறையாது. வயிறு மட்டும் புண்ணாகும். அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'பிரில்' என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரையோடு, சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். 'பிரில்' மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்தும். மூன்றாவது உடலின் நீரையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் இது விரைவாகவே நடக்கும்.

கே: சயாட்டிகாவுக்கு, அதாவது முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, பிரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்தை எழுதித் தந்திருக்கிறார்கள். ஆறு வாரமாகியும் பலன் இல்லை.

ப: 2017-இல் 209 பேரிடம் நடந்த சோதனையிலும் பலன் இல்லை, தலைசுற்றல்தான் கூடியது. மருத்துவரிடம் சொல்லி நிறுத்தலாம். ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: பிதுங்கிய டிஸ்க்கை ஊசியால் கரைக்க முடியுமாமே?

ப: முடியும், ஆனால் பொறுங்கள். பப்பாளியிலிருந்து எடுத்த கைமோபப்பைன் என்ற நொதிக்கு 1982-இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது. அது புரதத்தையே அரிப்பது. டிஸ்க்கைத் தாண்டிக் கசிந்தால் பக்கத்துத் திசுவையும் விடாது. கடுமையான ஒவ்வாமையும், சிலருக்குக் கால் முடக்கமும் வந்தன. பிறகு அதன் விற்பனையே நின்றுபோனது. ஜப்பானில் 2018-இல் ஒப்புதல் பெற்ற கோண்டோலியேஸ் வேறு வழியில் போகிறது. புரதத்தைத் தொடாமல், டிஸ்க்கில் நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டுகிறது. நீர் வடிந்து வீக்கம் சுருங்குகிறது. நரம்பின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. அளவு 1.25 யூனிட், டிஸ்க்குக்குள் ஒரே ஒருமுறை. இரண்டாவது முறை ஒவ்வாமை வரலாம் என்பதால் ஒருவருக்கு வாழ்நாளில் ஒன்றுதான். டிஸ்க்கின் பின்னால் ஓடும் தசைநாரையும் கிழித்து வெளியே விழுந்துவிட்ட துண்டுக்கு இது பயன்படாது. எம்.ஆர்.ஐ. படத்தில் பிதுக்கம் தெரிவதால் மட்டும் இதைக் கேட்காதீர்கள்: வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில்கூட ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் படத்தில் பிதுக்கம் தெரியும்.

கே: வலி போய்விட்டது. திரும்ப வராமல் இருக்க மாத்திரை உண்டா?

ப: இல்லை. 2024-இல் வெளியான 701 பேர் ஆய்வில், நடைப்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பில் 208 நாட்கள் ஆனது, மற்றவர்களுக்கு 112. இலக்கு தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். அதை எட்ட ஆறு மாத அவகாசம் தந்திருந்தார்கள். முதல் வாரமே அரை மணி நடக்கப் போய் வலியைக் கிளப்பிக்கொள்ளாதீர்கள்.